சுமேரியச் சொற்குறிகளும் அக்காதியர் ஆப்பெழுத்தும்

நமது பாட்டன்மார் காலத்துக் காணியுறுதிகளையும் கணக்கேடுகளையும் விரித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஆண்டைக் குறிக்க அவர்கள் 'வருடம்' என்று நான்கெழுத்தும் எழுதிக்கொண்டிருப்பதில்லை. ௵ என்று ஒரே இழுப்பில் ஒரு குறியை இட்டுவிடுவர். மாதத்துக்கு ௴, திகதிக்கு ௳, மேற்படி என்பதற்கு ௸. ஆண்டுக்குறியைக் காண்பவர் ஒருவர் 'வருடம்' என்று வாசிப்பர். மற்றொருவர் 'ஆண்டு' என்று வாசிப்பர். முன்னையது வடசொல், பின்னையது தமிழ்ச்சொல். குறியோ இரண்டையும் பொறுத்துக்கொள்ளும். இன்னுமொன்று. மெற்றிக் அளவை வருமுன்னர் எமது கடைகளிலே சீனிக்கும் பாணுக்கும் நிறை எழுதும்பொழுது எல், பி என்னும் இரண்டு உரோம எழுத்துக்களை இடுவது வழக்கம். அவை இலத்தீன் மொழியிலுள்ள 'லிப்ரா' என்னும் சொல்லின் சுருக்கமாம். ஆங்கிலேயன் அதனைப் 'பவுண்' என்று வாசித்தான்; நாம் 'இறாத்தல்' என்று வாசித்தோம். லிப்ரா என்று வாசித்தவர் ஒருவருமிலர்.

இவ்வாறு ஒரு மொழியாரின் குறியை மற்றொரு மொழியார் கைக்கொண்டு, எழுத்தை மாற்றாது வாசிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. யூபிரற்றீஸ், தைகிரிஸ் என்னும் இரு நதிகளுக்கு இடைப்பட்ட நாட்டிலே, அதாவது இன்றைய ஈராக்கிலே, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெரிய நாகரிகமே இம்முறையில் எழுதிவந்தது. எழுதியவர் பேசிய மொழி அக்காதியம். எழுதிய குறிகளிற் பெரும்பாகம் அக்காதியர் வருமுன்னரே எழுத்தைக் கண்ட சுமேரியருடையது. அவ்விரு மொழிகளும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்தன என்பதையும், அப்பிணைப்பினாலேயே சுமேரியர் என்றொரு மக்கள் இருந்ததே இல்லையென்று கூறப்படும் நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதையும் இங்கு ஆராய்வாம்.

மிஷன் பாடசாலையில் வேதாகமப் பாடமும் கேட்டவர்களாதலால், இந்நாட்டின் நகரப் பெயர்கள் சில எமக்கு இளமையிலேயே பழக்கமானவை. ஆதியாகமத்தின் பத்தாம் அதிகாரத்திலே சிநெயார் தேசத்து நகரங்களாகப் பாபேல், ஏரேக், அக்காத் முதலியன கூறப்படுகின்றன. ஏரேக் என்பதே உறுக். ஆபிரகாம் புறப்பட்ட இடமாகிய 'ஊர்' என்னும் கல்தேயர் பட்டணமும் இந்நாட்டதே. ஆயினும் சுமேரியர் என்னும் பெயரால் ஒரு மக்களை வேதாகமத்தில் எங்கும் காணோம். பபிலோனைப் பற்றி நிரம்ப எழுதிய கிரேக்க சரித்திராசிரியரும் அவர்களைக் குறித்திலர். மண்மேட்டின் கீழே அவர்தம் நகரங்கள் கிடந்தது போலவே, மனிதரின் ஞாபகத்திலும் அவர்கள் புதையுண்டு கிடந்தனர்.

எழுத்தின் தோற்றத்தை முதலிற் சிறிது நோக்குவாம். உறுக் நகரத்தின் ஏயன்னா என்னும் கோயில் வளவிலே ஜேர்மானியப் புதைபொருளாராய்ச்சியாளர் தோண்டியெடுத்த களிமண்ணேடுகள் கி. மு. 3300 அளவில் தொடங்கிய காலத்தன. அந்நகரிற் கிடைத்த மிகப் பழைய ஏடுகள் ஏறக்குறைய 5,000. அவற்றிற் பெரும்பாலானவை கணக்குகள்: இத்தனை அளவு வாற்கோதுமை, இத்தனை செம்மறி, இத்தனை குடம் மதுபானம் என்பன போன்றவை. பண்டாரியின் தேவையே எழுத்துக்குத் தாயாயிற்று. ஈரக் களிமண்ணிலே நாணற்கோலின் நுனியை அழுத்தி எழுதினமையால், காலப்போக்கில் வளைகோடுகள் மறைந்து, ஆப்பு வடிவான கீறல்கள் மிஞ்சின. ஆப்பெழுத்து என்னும் பெயர் அதனால் வந்தது. தலையின் உருவம் 'சாக்', தலை. அத்தலையிலே வாயிருக்கும் இடத்தைக் கீறிக்காட்டினால் 'கா', வாய். வாய்க்குள் அப்பத்தை வைத்தால் உண்ணல். நீரை வைத்தால் பருகல். குழந்தையும் விளங்கிக்கொள்ளக்கூடிய முறையிது.

படத்தில் எழுத முடியாத பொருள்களை எவ்வாறு எழுதுவது? அங்கேதான் சுமேரியரின் கூர்மை தெரிகிறது. அவர்கள் மொழியிலே 'தி' என்றால் அம்பு. 'தி' என்றே ஒலிக்கும் வேறொரு சொல்லுக்கு உயிர் என்று பொருள். உயிரைப் படம் வரைய ஒண்ணாது, அம்பை வரையலாம். ஆகவே அம்பை வரைந்து உயிர் என்று வாசித்தனர். குறியானது பொருளை விட்டு ஒலியைப் பற்றிக்கொண்ட கணம் அதுவே.

இந்நிலையில் அக்காதியர் வருகின்றனர். வருகின்றனர் என்று சொல்வதும் முழுதும் பொருந்தாது. வடபாகத்திலே நெடுங்காலமாகச் சுமேரியரோடு அயலவராயும் கலந்தும் வாழ்ந்தவர் அவர். அவர் மொழி எபிரேயத்துக்கும் அரபுக்கும் இனமான செமித்திய மொழி. மெய்யெழுத்துக்கள் மூன்றினை வேராக நிறுத்தி, உயிரொலிகளை உள்ளே மாற்றிச் சொற்களை ஆக்குவது அதன் இயல்பு. சுமேரியமோ அடிச்சொல் மாறாது நிற்க, விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச்செல்லும் மொழி. இவையிரண்டும் இலக்கணத்தால் முற்றிலும் வேறானவை. கி. மு. 2334 அளவில் அரசுகட்டிலேறிய சார்கோன் சுமேரிய நகரங்களையெல்லாம் அடக்கி, அக்காத் நகரிலிருந்து ஆண்டான். அவன் காலந்தொட்டு அக்காதிய மொழி அரசாங்க மொழியாயிற்று. வென்றவனின் மொழி ஏறினால் தோற்றவரின் எழுத்து இறங்குமென்றே யாரும் எதிர்பார்ப்பர். அப்படி நிகழவில்லை. சார்கோனின் மகளாகிய என்கெதுவன்னா ஊர் நகரத்துச் சந்திர தெய்வத்தின் தலைமைக் குருத்துவம் பூண்டவள். அவள் பெயரில் நிலவும் துதிப்பாக்கள் தந்தையின் மொழியில் அல்ல, சுமேரியத்திலேயே உள்ளன.

அக்காதியர் எழுத்தை இருவகையாக எடுத்தாண்டனர். ஒலியை மட்டும் எடுத்துத் தம் சொற்களை அசையசையாக எழுதுவது ஒருவகை. 'அரசன்' என்பதற்கு அவர்கள் சொல் 'ஷர்ரு'. அதனை ஷர், ரு என இரண்டு அசைக்குறிகளால் எழுதலாம். மற்றவகைதான் நாம் மேலே சொன்னது. சுமேரியத்திலே 'லூ' என்றால் மனிதன், 'கால்' என்றால் பெரிய. 'லுகால்' என்றால் பெரியோன், அரசன். அதற்கென ஒரு குறி இருந்தது. அக்குறியை அப்படியே இட்டு, வாசிக்கும்பொழுது மட்டும் 'ஷர்ரு' என்பர். எழுத்திலே சுமேரியம், நாவிலே அக்காதியம்.

ஒரு தொல்லை உண்டு. அக்காதியத்திலே வேற்றுமைக்கேற்பச் சொல்லின் ஈறு மாறும்: அரசன் எனின் ஷர்ரு, அரசனுடைய எனின் ஷர்ரி, அரசனை எனின் ஷர்ர. லுகால் குறியோ மூன்றுக்கும் ஒன்றே. இதற்கு அவர்கள் கண்ட உபாயம் எளியது. குறியின் பின்னே ஈற்றசையை மட்டும் ஒட்டிவிட்டனர். லுகால்-ரு என்றிருந்தால் ஷர்ரு. லுகால்-ரி என்றிருந்தால் ஷர்ரி. ஆங்கிலத்தில் ஒன்று என்னும் இலக்கத்தை எழுதி, அதன் அருகே இரண்டெழுத்தைச் சிறிதாக இட்டு 'பெர்ஸ்ற்' என்று வாசிக்கிறார்களல்லவா? அதே யுக்திதான், நாலாயிரம் ஆண்டு மூத்தது.

நட்சத்திர வடிவான 'அன்' குறியை எடுத்துக்கொள்வோம். சுமேரியத்தில் 'அன்' என்றால் வானம். அதே குறியைத் 'திங்கிர்' என்று வாசித்தால் தெய்வம். அக்காதியர் கையில் அது 'ஷமூ' என்று வாசித்தால் வானம், 'இலு' என்று வாசித்தால் தெய்வம். 'அன்' என்ற வெறும் அசையாகவும் வரும்; 'இலு' என்ற தமது சொல்லிலிருந்து பெற்று 'இல்' என்ற அசையாகவும் வரும். இவையன்றி, தெய்வங்களின் பெயருக்கு முன்னே வாசிக்கப்படாது நிற்கும் சுட்டுக்குறியாகவும் அது வரும்; பின்னே வருவது தெய்வப்பெயர் என்று கண்ணுக்கு அறிவிப்பது அதன் தொழில். நாம் கடிதத்தின் தலையிலே பிள்ளையார் சுழி இடுகின்றோம். கடிதத்தை உரக்க வாசிப்பவர் எவரும் அதனை 'உ' என்று வாசிப்பதில்லை. அதுபோன்றதே இதுவுமென்க. மரத்தாற் செய்த பொருளின் பெயருக்கு முன் 'கிஷ்' என்ற குறியும், இடப்பெயருக்குப் பின் 'கி' என்ற குறியும் இவ்வாறே வாயால் உச்சரிக்கப்படாது நின்றன.

மூன்று மலைமுடிகளாகத் தோன்றிய 'குர்' குறி இதனிலும் சிக்கலானது. சுமேரியத்தில் மலை அல்லது அயல்நாடு. அக்காதியர் மலையை 'ஷதூ' என்பர், நாட்டை 'மாது' என்பர். ஆகவே அக்குறிக்குக் குர், ஷத், மத் என்னும் அசை ஒலிகள் சேர்ந்தன. லத், நத் என்பனவும் வந்தன. எங்கே எதை வாசிப்பதென்று இடம் நோக்கியே துணிய வேண்டும். குதிரை அந்நாட்டுக்குப் பிந்தி வந்த விலங்கு. அதனைச் சுமேரியர் 'மலைக்கழுதை' என்று பொருள்படும் மூன்று குறிகளால் எழுதினர். அக்காதியர் அம்மூன்றையும் அப்படியே எழுதிவிட்டு 'ஸீஸூ' என்று ஒரே சொல்லாக வாசித்தனர். கழுதையும் மலையும் எழுத்திலே நின்றன. வாயிலே குதிரை மட்டும் ஓடிற்று.

ஹம்முராபி (கி. மு. 1792–1750) என்னும் பபிலோனிய மன்னனின் சட்டக் கற்றூண் 1901, 1902ஆம் ஆண்டுகளின் மாரிகாலத்தில் பிரெஞ்சுக்காரரால் சூசா நகரத்திலே கண்டெடுக்கப்பட்டது. இன்று பாரிஸ் நகரத்து லூவர் நூதனசாலையிலே நிற்கின்றது. அதன் மொழி திருத்தமான அக்காதியம்; வாசகம் பெரும்பாலும் அசைக்குறிகளாலேயே உள்ளது. ஆனால் தண்டப்பணம் கூறவேண்டிய இடத்திலே வெள்ளியும் நிறையும் சுமேரியக் குறிகளாக வருகின்றன. வெள்ளிக்குரிய குறி 'கு-பப்பர்', வெண்மையான உலோகம். தமிழிலே வெள்ளி என்ற பெயரும் வெண்மையால் வந்ததே. இதனைக் கண்டவுடன் மனம் துள்ளுகிறது. துள்ளலைச் சற்றே அடக்கிக்கொள்வோம். அதைப் பற்றிப் பின்னர்ப் பேச இடமுண்டு.

எழுத்திலே மட்டுமின்றிப் பேச்சிலும் சில சொற்கள் குடிபுகுந்தன. 'ஏ' என்றால் வீடு; 'ஏ-கால்' என்றால் பெரிய வீடு, அரண்மனை. அக்காதியர் அதனை 'எகல்லு' என்று தம் சொல்லாகவே ஆக்கிக்கொண்டனர். அவரிடமிருந்து எபிரேயர் 'ஹேகால்' என்று பெற்றனர். எருசலேமிலிருந்த தேவாலயத்துக்கு வேதாகமத்தின் எபிரேய மூலத்திலே வழங்கும் சொற்களில் அதுவுமொன்று. அரபியிலே 'ஹைகல்' என்றிருக்கின்றது. அரசன் வீடு ஆண்டவன் வீடான கதை எமக்குப் புதிதன்று. கோ இல் என்பது கோயிலான கதையும் அதுதானே. எழுதுவோனைச் சுமேரியர் 'துப்-சர்' என்றனர், ஏடெழுதுபவன். அக்காதியர் 'துப்ஷர்ரு' என்றனர்.

கி. மு. 2004 அளவில் ஏலாமியரின் படையெடுப்பால் ஊர் நகரத்து மூன்றாம் இராசவமிசம் வீழ்ந்தது. அதன் பின் சில தலைமுறைக்குள் சுமேரியம் வீட்டு மொழியாக இருந்த நிலை ஒழிந்தது. தாயின் மடியில் அதனைக் கற்ற பிள்ளை இல்லையாயினான். ஆயினும் பாடசாலையில் அதனைக் கற்ற பிள்ளைகள் பெருகினர்.

அப்பாடசாலைக்குப் பெயர் 'ஏ-துப்பா', ஏட்டுவீடு. நிப்பூர் நகரத்திலே தோண்டியெடுத்த மாணவர் ஏடுகளால் அங்கு நடந்த கல்வியை நாம் ஓரளவு நேரிற் காண்பதுபோலக் காணலாம். முதலில் ஆப்பு ஒன்றை நேராக அழுத்தப் பழகுவது. பின் து-த-தி என்று அசைகளை உருப்போடுவது. பின் மனிதர் பெயர்ப் பட்டியல். அதன்மேல் மரப்பொருள், நாணற்பொருள், மட்கலம், விலங்கு, கல், செடி, மீன், ஊர் எனப் பொருட்பெயர்ப் பட்டியல்கள். பிற்காலத்திலே இப்பட்டியல்கள் 24 ஏடுகள் கொண்ட ஒரு பெருநிகண்டாயின. இடப்பக்கம் சுமேரியச் சொல், வலப்பக்கம் அதற்கு அக்காதியச் சொல். நமது திவாகரத்தையும் பிங்கலத்தையும் உருப்போட்ட பழைய திண்ணைக்கல்வி எமக்கு நினைவுக்கு வருகிறது. அந்நிகண்டின் முதற்சொல் யாது? வட்டிக்கடன். தெய்வத்தின் பெயரோடு தொடங்காது கடனோடு தொடங்கும் நிகண்டு உலகில் வேறுண்டோ அறியோம்.

1949ஆம் ஆண்டிலே சாமுவேல் நோவா கிரேமர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், பல துண்டுகளை ஒன்றுசேர்த்து, அம்மாணவருள் ஒருவனின் நாள்வாழ்க்கையைக் கூறும் சுமேரியக் கட்டுரையை வெளியிட்டார். படிப்போர் நகையாதிருக்க முடியாது. பையன் காலையில் எழுந்து தாயிடம் உணவு வாங்கிக்கொண்டு ஓடுகிறான். பிந்திச் சென்றமைக்கு அஞ்சுகிறான். பேசியதற்கு அடி, எழுந்து நின்றதற்கு அடி, கையெழுத்து நன்றாயில்லை என்று அடி. ஈற்றிலே தகப்பன் ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து, உயர்ந்த ஆசனத்தில் இருத்தி, விருந்தளித்து, புத்தாடையும் மோதிரமும் கொடுக்க, ஆசிரியர் பையனை வாயார வாழ்த்திச் செல்கிறார். இவ்வடிகளுள் எமது நெஞ்சைத் தொட்டது ஒன்று. சுமேரிய மொழியிற் பேசவில்லையென்றும் அப்பையன் அடிவாங்குகிறான்!

ஒரு பாடசாலையிலே தாம் படித்தபொழுது தமிழிற் பேசிய குற்றத்துக்காகத் தண்டப்பணம் கட்டிய கதையை எமக்குச் சொன்ன முதியவர் ஒருவர் உளர். அதனைக் கேட்ட பின்னர் நிப்பூர்ப் பையனின் முதுகு எமக்கும் சுட்டது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இங்கே பேசும்படி கட்டாயப்படுத்தப்பட்டது ஆளுவோரின் மொழி. அதற்குப் பின்னே கப்பலும் பீரங்கியும் உத்தியோகமும் நின்றன. அங்கே சுமேரியத்துக்குப் பின்னே ஒரு போர்வீரன்கூட நிற்கவில்லை; அதனைப் பேசிய அரசு அழிந்துவிட்டது, பேசிய மக்களும் கலந்து கரைந்துவிட்டனர். அக்காதியப் பிள்ளையை அக்காதிய ஆசிரியரே, இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒன்றுக்காக அடித்தனர். தெய்வங்களோடு பேசும் மொழி அதுவென்றும், எழுத்தறிவின் வேர் அதுவென்றும் அவர்கள் நம்பினர். கோயில்களிலே குருமார் பாடிய புலம்பற் பாட்டுக்கள் பாரசீகர் ஆண்டபொழுதும், கிரேக்கர் ஆண்டபொழுதும் சுமேரியத்திலேயே பாடப்பட்டன. வீட்டிலே தமிழ் பேசும் சிவாசாரியார் மூலத்தானத்திலே வடமொழி மந்திரம் ஓதுவதைக் காணும் எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

சொற்குறிகளை அக்காதியர் ஏன் விட்டொழிக்கவில்லை? அசைகளால் மாத்திரம் எழுத அவர்களுக்குத் தெரியாதா? நன்கு தெரியும். கி. மு. 1900 அளவில் இன்றைய துருக்கியிலுள்ள கனேஷ் என்னும் இடத்திலே வியாபாரம் செய்த அசூரிய வணிகரின் ஏடுகள் 20,000க்கு மேல் கிடைத்துள்ளன. தகரமும் புடைவையும் கழுதையில் ஏற்றிச் சென்ற அவ்வணிகர், நூற்றுச் சொச்சம் குறிகளோடு, பெரும்பாலும் அசைகளாகவே எழுதித் தம் காரியத்தை முடித்தனர். ஆயிரம் ஆண்டு கழித்து எழுதப்பட்ட சகுனநூல்களையும் சோதிடநூல்களையும் பார்த்தாலோ, வரிக்கு வரி சொற்குறிகளே நிறைந்து, நடுவே ஒட்டிய ஈறுகளாலேயே அது அக்காதியமென்று அறியவேண்டியிருக்கிறது. காலம் செல்லச்செல்லச் சொற்குறி குறையவில்லை, கூடிற்று! சொற்குறி இடத்தைச் சுருக்கும், பட்டியலில் கண்ணுக்கு எளிதிற் படும் என்பன உண்மையே. ஆயினும் அதுமட்டும் காரணமென்று நாம் எண்ணவில்லை. கற்றோர் தம் கல்வியைக் கல்லாதோரிடமிருந்து வேலியிட்டு வைக்கும் வழக்கமும் அதிலுண்டு. அறிந்தவன் அறிந்தவனுக்கே காட்டுக, அறியாதவன் காணலாகாது என்னும் கருத்துடைய எச்சரிக்கை சில ஏடுகளின் அடியிலே எழுதப்பட்டுள்ளது. ஏட்டுச்சுவடியைப் பெட்டியிலே பூட்டிவைத்துச் செல்லரிக்க விட்ட பரம்பரை நமதும் ஆகையால், அவர்களை மட்டும் குறைகூற மாட்டோம். அசூர்பனிப்பால் (கி. மு. 668இல் ஆட்சி எய்தியவன்) தனக்குச் சுமேரிய ஏடுகளும் வாசிக்கத் தெரியுமென்று பெருமை பேசிய அரசன். நினிவேயிலே அவன் சேர்த்த நூல்நிலையத்தின் 30,000 ஏடுகளும் துண்டுகளும் இன்று இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. அவன் பூட்டிவைத்தானோ திறந்துவைத்தானோ, நமக்குக் கிடைத்தது அவனாலே.

அவ்வேடுகள் ஐரோப்பாவை அடைந்தபொழுதுதான் சண்டை தொடங்கிற்று. ஆப்பெழுத்தை முதலில் வாசிக்க முயன்றவர்களுக்குச் சொற்குறிகள் பெருந்தலையிடியாயின. நேபுகாத்நேச்சார் மன்னனின் பெயர் ஒருவகை எழுத்தில் அன்-பா-ஷா-து-ஷேஷ் என்ற ஒலிக்குரிய குறிகளாக வருகின்றது. நேபுகாத்நேச்சாருக்கும் அதற்கும் என்ன உறவு? உண்மையில் 'அன்' வாசிக்கப்படாத தெய்வச்சுட்டு, 'பா' நபு என்னும் தெய்வம், 'ஷா-து' என்பன சேர்ந்து வாரிசு, 'ஷேஷ்' காத்தல். நபு-குதுரி-உஸுர்: நபுவே, என் வாரிசைக் காப்பாயாக. இதனை எடுத்துரைத்தபொழுது பலர் நகைத்தனர். ஒரு குறியை எப்படியும் வாசிக்கலாமெனின், எதையும் எப்படியும் வாசிக்கலாமே என்றனர். 1857ஆம் ஆண்டிலே இலண்டன் ஆசிய சங்கத்தார் ஒரு சோதனை வைத்தனர். முதலாம் திக்லாத் பிலேசரின் நீண்ட சாசனமொன்றை றோலின்சன், ஹிங்ஸ், தல்பொட், ஒப்பேர் என்னும் நால்வரும் தனித்தனியே மொழிபெயர்த்து முத்திரையிட்டு அனுப்பினர். உறைகளைப் பிரித்துப் பார்த்தபொழுது முக்கியமான இடங்களிலே நான்கும் ஒத்திருந்தன. நகைத்தவர் அடங்கினர்.

அந்நால்வருள் எமக்கு மிகவும் மதிப்புக்குரியவர் எட்வேட் ஹிங்ஸ். அயர்லாந்தில் ஒரு சிற்றூரிலே குருவாக இருந்துகொண்டு, தம் அறையிலிருந்தபடியே ஆராய்ந்தவர். 1850இல் அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். இவ்வெழுத்து செமித்திய மக்களால் ஆக்கப்பட்டதாக இருக்க முடியாது என்பதே அது. கையின் உருவத்துக்கு 'ஷு' என்ற ஒலி எங்கிருந்து வந்தது? அக்காதியத்திலே கைக்குச் சொல் 'காது'. தமது எழுத்தைத் தாமே ஆக்கியிருந்தால் கையிலிருந்து 'கா' அல்லவோ பிறந்திருக்கும்? மேலும், செமித்திய மொழிகளுக்கே சிறப்பான அழுத்த ஒலிகளை இவ்வெழுத்து சரியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. கால் அளவெடுத்த சப்பாத்தாயின் காலைக் கடியாது, இது கடிக்கின்றது, ஆதலின் இது வேறொருவன் கால் என்பதே அவர் துணிபு. 1869இல் ஒப்பேர், 'சுமேர் அக்காத் நாடுகளின் அரசன்' என்னும் பழைய விருதுப்பெயரை ஆதாரமாகக் கொண்டு, அந்த வேறொருவனுக்குச் சுமேரியன் என்று பெயரிட்டார்.

பெயரிட்ட சில ஆண்டுகளிலேயே மறுப்பு எழுந்தது. 1874இல் யோசேப் ஹலேவி என்னும் பெரும்புலவர் பாரிஸ் நகரத்திலே, சுமேரியர் என்று ஒரு மக்களுமில்லை, சுமேரியமென்று ஒரு மொழியுமில்லை. அது பபிலோனியக் குருமார் தம் மறையைக் காக்கக் கட்டிய கள்ள எழுத்து என்று வாதித்தார். பல ஆண்டுகள் அவ்வாதத்தை அவர் விட்டிலர். இன்று அதனைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் அவர் வாதம் வெறும் பிடிவாதமன்று. லுகால் என்று எழுதியவன் ஷர்ரு என்று வாசித்தானென்று நீங்களே கூறுகின்றீர்கள். அவ்வாறாயின் லுகால் என்று எவனேனும் வாய்திறந்து சொன்னான் என்பதற்கு என்ன சாட்சி? இதுவே அவர் வினாவின் சாரம். ஒரு மக்களின் சொல்லைப் பிறர் அளவுக்கு மீறிப் பத்திரமாகத் தமக்குள் வைத்துக்கொண்டதனால், அச்சொல்லுக்கு உடையவன் ஒருவன் இருந்தான் என்பதே ஐயத்துக்கிடமாயிற்று. கடன் வாங்கியவனுடைய கணக்கேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, கடன் கொடுத்தவன் பிறக்கவேயில்லையென்று தீர்ப்புக் கூறிய வழக்கு இது.

விடை மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 1877 தொடக்கம் எர்னெஸ்ற் த சர்செக் என்னும் பிரெஞ்சு உத்தியோகத்தர் தென் ஈராக்கிலே தெல்லோ என்னும் மேட்டைத் தோண்டினார். குதேயா என்னும் அரசனின் கருங்கற் சிலைகள் வெளிவந்தன. கைகூப்பியதுபோலக் கைகளைக் கோத்து, அமைதியே உருவாக அமர்ந்திருக்கும் சிலைகள். அவற்றின் மேலும், இரண்டு பெரிய களிமண் உருளைகளின் மேலும், தன் தெய்வத்துக்குக் கோயில் கட்டிய வரலாற்றை அவன் நீளப் பொறித்திருந்தான். அதிலே அக்காதிய ஈறு ஒட்டிய சொற்குறிகளில்லை. விகுதியும் வேற்றுமையும் வினைமுற்றும் தனக்கேயுரிய ஒழுங்கில் அமைந்த முழுமொழி அது. கள்ள எழுத்துக்கு இலக்கணம் எதற்கு? 1905இல் துரோ-தாஞ்சன் சுமேரிய அரசரின் சாசனங்களை மொழிபெயர்த்து வெளியிட்ட பின்னர் இவ்வழக்கு முடிந்ததென்றே சொல்லலாம்.

வழக்கு ஒன்று முடிய மற்றொன்று தொடங்கிற்று. அது நம்மைத் தொடுவது. ஹோல் என்னும் ஆங்கில ஆசிரியர் 1913இல் எழுதிய நூலிலே, சுமேரியர் இந்தியாவினின்று சென்ற திராவிடராக இருக்கலாமென்று கருதினார். அதுமுதல் சுமேரியர் தமிழரேயென்று மேடைகளிலும் மலர்களிலும் நிரம்பக் கேட்டுவருகின்றோம். 'ஊர்' என்பது தமிழ்ச்சொல்லன்றோ, அந்நகரத்துக்கு ஊர் என்று பெயரிட்டவர் யார் என்பர். நாமும் பள்ளிப்பருவத்தில் இதனைச் சொல்லிக் கைதட்டு வாங்கியதுண்டு. இப்பொழுது ஏட்டைப் பார்த்த பின்னர் உண்மையைக் கூறவேண்டியவராகின்றோம், பெரியோர் பொறுத்தருள்க. அந்நகரத்தின் பெயரைச் சுமேரியர் 'ஷேஷ்' குறியோடு வேறொரு குறியைச் சேர்த்து எழுதி, 'உறிம்' என்று வாசித்தனர். அக்காதியர் வாயிலே ஈறு தேய்ந்து 'உரு' ஆயிற்று. எபிரேய வேதாகமத்திலே 'ஊர்' என்று நின்றது. நாம் உறவு கொண்டாடும் 'ஊர்' சுமேரியன் அறியாத உருவம். நகரம் என்னும் பொருளில் 'உரு' என்றொரு சொல் அவர்களுக்கு இருந்தது மெய்யே. அதற்கு எழுத்தும் வேறு. ஒரு சொல் ஒலியால் ஒத்ததென்று இரு மொழிகளை உடன்பிறப்பாக்குதல் இயலாது. வெண்மையால் வெள்ளிக்குப் பெயர் வந்தது இருவர்க்கும் ஒரே கண் இருந்தமையால். ஒரே தாய் இருந்தமையால் அன்று. விகுதி ஒட்டும் இயல்பு துருக்கி மொழிக்கும் யப்பானிய மொழிக்கும் உண்டு. இன்றைய மொழிநூலார் சுமேரியத்தை எம்மொழியோடும் இனம் சேராத தனிமொழியென்றே கொள்வர்.

மெய்யான தொடர்பு வேண்டுமாயின் அது வேறிடத்திலுண்டு. மெலுகா என்னும் நாட்டுக் கப்பல்கள் தன் துறையிலே கட்டப்பட்டனவென்று சார்கோன் பொறித்துள்ளான். மெலுகா என்பது சிந்துவெளி நாடு என்பது பெரும்பாலோர் கொள்கை. அக்காதியர் காலத்து முத்திரையொன்று லூவர் நூதனசாலையில் இருக்கிறது. அதன் உடையவன் ஷு-இலிஷு. தொழில், மெலுகா மொழிக்கு மொழிபெயர்ப்பாளன். சுமேரியமும் அக்காதியமும் நிரம்பிய நாட்டிலே, சிந்துவெளியானோடு பேசுவதற்குத் தனியாக ஒருவன் தேவைப்பட்டிருக்கிறான். அச்சிறிய கல் எமக்குப் பல மேடைப்பேச்சுக்களிலும் பெறுமதியுடையதாகத் தோன்றுகிறது. நமது பழமைக்குப் பிறருடைய பழமையைக் கடனாகக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

கடன் வாங்கிய குறி மேலும் மேலும் கைமாறிச் சென்றது. துருக்கியிலே போகாஸ்கோய் என்னுமிடத்தில் 1906இலிருந்து கிடைத்த ஹித்தைத்தரின் ஏடுகளை 1915இல் செக்கு நாட்டறிஞர் ஹிரோஸ்னி வாசித்தார். அதற்குத் திறவுகோலாக உதவியது ஒரு சுமேரியச் சொற்குறியே. அப்பத்தைக் குறிக்கும் 'நிந்தா' குறியின் பின்னே ஹித்தைத்த ஈறு 'அன்' ஒட்டியிருந்தது. அப்பமெனின் உண்ணுதல் அருகே இருக்கவேண்டும். அதனையடுத்து 'வாதர்' என்றொரு சொல் வர, அது ஆங்கிலத்தின் 'வோட்டர்', நீர் என்று கண்டார். அதனால் அம்மொழி ஐரோப்பிய மொழிகளுக்கு இனமென்று துணியப்பட்டது. வேடிக்கையென்னவெனில், ஹித்தைத்தர் நாள்தோறும் வழங்கிய சில சொற்களை எப்பொழுதும் சொற்குறியாலேயே எழுதிவிட்டமையால், அவற்றை அவர்கள் வாயால் எவ்வாறு ஒலித்தனர் என்பது அறிஞர்க்கு நெடுங்காலம் புலப்படவில்லை. பிற்காலப் பாரசீகரும் அரமேய மொழியில் 'மல்கா' என்று எழுதித் தம் மொழியில் 'ஷா' என்று வாசித்தனர். யப்பானியர் சீன எழுத்தை இன்றும் அவ்வாறு ஆளுகின்றனர்.

ஆப்பெழுத்தின் முடிவு பபிலோனிலேயே நேர்ந்தது. அரமேய மொழியும் அதன் இருபத்திரண்டு எழுத்தும் ஊர்களையெல்லாம் நிரப்பிவிட்டன. களிமண்ணுக்குப் பதிலாகத் தோலும் மையும் வந்தன. கோயிலைச் சார்ந்த சில வானநூற் புலவர் மட்டும் பழைய முறையைக் கைவிடாதிருந்தனர். காலம் துணியப்பட்ட கடைசி ஏடுகள் கி. பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதிய வானநூற் குறிப்புக்களே. அக்காலத்தை அண்டிய சில சிறிய மாணவர் ஏடுகளும் கிடைத்துள்ளன. ஒரு பக்கத்திலே வழக்கம்போலச் சுமேரியச் சொல்லும் அதற்கெதிரே அக்காதியச் சொல்லும் ஆப்பெழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஏட்டைத் திருப்பினால், அதே சொற்களின் ஒலி கிரேக்க எழுத்திலே களிமண்ணிற் கீறப்பட்டிருக்கிறது. சுமேரியம் வீட்டுமொழியாக இருந்த நிலை ஒழிந்து அப்பொழுது ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதிய மாணவன் யாரோ, அச்சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, பிழையாக உச்சரித்துவிடலாகாதே என்று ஓரெழுத்தும் விடாது குறித்துவைத்திருக்கிறான்.